முப்பத்தெட்டு ரேடியோவும் ஒரு லொறியும்

கினிகத்தேனைக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பொலிஸார் என் லொறியை நிறுத்தினார்கள். சார்ஜன் பின்கதவைத் திறந்து, ஓர் அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு, கறுப்பாக ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"கழிவுத் தேயிலை," என்றார் சிங்களத்தில். "பர்மிட் எங்கே?"

ஹட்டனில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருடங்கள். அன்று நான் ஏற்றியது தேயிலை அல்ல, ரேடியோ. முப்பத்தெட்டு பழைய வால்வு ரேடியோக்கள். அவற்றின் சொந்தக்காரர் சுப்பையா, நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் பெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். குவாட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, மனைவி ராஜேஸ்வரியோடு கினிகத்தேனையில் வாங்கிய சின்ன வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் என்னோடு முன் சீட்டில்.

பீரோவைச் சாய்க்கலாம், கட்டிலைக் கழற்றலாம். வால்வு ரேடியோவை ஒன்றும் செய்ய முடியாது. சிலது தொட்டில் அளவு, கனம் அதற்கு மேல். உள்ளே எல்லாம் கண்ணாடி. பொதி செய்ய வேறு யாரையும் அவர் விடவில்லை. இரண்டு மாதமாகத் தானே செய்திருந்தார். பெட்டிகளைத் தூக்கும்போது தேயிலை மணம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மணம் எதில்தான் இல்லை? நான் கேட்கவில்லை. அது என் பிழை.

சுப்பையா சார்ஜனுக்கு விளக்கினார். வீட்டுத் தோட்டத்துக்கு உரமாக வைத்திருந்த கழிவு, விற்க அல்ல. தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரேடியோவுக்கு மெத்தை மாதிரியும் இருக்கும். கழிவை நல்ல தேயிலையோடு கலந்து விற்பார்கள் என்பதால் அதைக் கொண்டுபோகப் பர்மிட் வேண்டும். பர்மிட் இல்லாத கழிவு லொறிகளை பெக்டரி வாசலிலேயே திருப்பி அனுப்பிய மனிதர் அவர். தன் ரேடியோ என்று வந்ததும் அது ஞாபகமே வரவில்லை.

சார்ஜன் அசையவில்லை. லொறி ஸ்டேஷனுக்கு வர வேண்டும், தேயிலைச் சபை அதிகாரிகள் வரும்வரை சாமான் முற்றத்தில் இருக்கும் என்றார். மேற்கே வானம் இருண்டிருந்தது.

"நனைஞ்சா அம்புட்டும் போச்சு தம்பி," என்று சுப்பையா என் கையைப் பிடித்தார்.

ராஜேஸ்வரி இறங்கி வந்தார். "ஏங்க, அவரு கேக்குறது டீத்தூளத்தானே? கொட்டிக் குடுத்துட்டுப் போவோம். ரேடியோவ வச்சி அவரு என்னா செய்யப் போறாரு?"

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன் மேலதிகாரிக்குப் போன் எடுத்தார். வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டு, தேயிலையை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று பதில் வந்தது. மூடியிருந்த ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே, எல்லாப் பெட்டியையும் கவிழ்த்து நான்கு சாக்கு நிரப்பினோம்.

இப்போது ரேடியோக்கள் வெறும் பெட்டியில் ஆடின. மீதி வழி முழுக்க வளைவு. என்னிடம் மிஞ்சியிருந்தது இரண்டு வெறும் சாக்கு மட்டும்.

"என் சூட்கேஸ எறக்குங்க," என்றார் ராஜேஸ்வரி.

அது லொறிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில், பீரோவுக்குப் பின்னால் இருந்தது. எடுக்க அரை மணி நேரம் ஆனது. திறந்தால் புடவைகள்.

"பட்டு வேணாம் புள்ள," என்றார் சுப்பையா.

"பட்டுதான் தடிப்பு. பேசாமப் பிடிங்க. முப்பது வருஷமா இதுகளுக்குத் தூசி தட்டுனேன். இப்ப பொடவையும் கட்டி விடுறேன். இனிமே சக்களத்தின்னே கூப்பிடலாம்."

அம்மா என்ன சொல்கிறார் என்று சார்ஜன் கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒரு புடவையின் மறுமுனையை அவரும் பிடித்தார்.

கினிகத்தேனையில் இறக்கியபோது ஒரு டயல் கண்ணாடியில் மட்டும் கீறல். சுப்பையா எந்த ரேடியோவையும் போட்டுப் பார்க்கவில்லை. புடவைகளை ஒவ்வொன்றாக உதறித் தேயிலைத் தூளைத் தட்டி, பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"கரை வெளிய வரணும்," என்றார் ராஜேஸ்வரி வாசலில் நின்று. சுப்பையா பிரித்துத் திரும்ப மடித்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. சாமான் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள், எதில் பொதிந்திருக்கிறது என்றும் கேளுங்கள். வீட்டம்மாவின் துணிப்பெட்டியைக் கடைசியில் ஏற்றுங்கள். வழியில் ஏதாவது நடந்தால் முதலில் கைக்கு வர வேண்டியது அதுதான்.