கொள்ளையர் வாசலில் அண்ணன்

என் அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். மூத்தவனைப் போய் அவன் இவன் என்கிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவனோடு ஒரே வீட்டில் ஒரு மாதம் இருந்து பாருங்கள், நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். பேருந்தில் வரும் குழந்தைகள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ‘எண்ணு மாமா’. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை எடுப்பதற்கு முன் எழுந்து நின்று, விரலை நீட்டித் தலைகளை எண்ணுவான். ஒரு தலை குறைந்தாலும் வண்டி நகராது. பின்னால் பத்து கார்கள் ஹாரன் அடித்தாலும் சரி, அசைந்து கொடுக்க மாட்டான்.

அவனும் அண்ணியும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. யார் மேல் தப்பு என்று என்னைக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவேன், அதனால் கேட்காதீர்கள். அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டான். மகளுக்கு இப்போது பதினாறு. எங்களுக்கு அவள் இன்னும் குட்டிதான். வாரம் ஒருமுறை அப்பாவும் மகளும் போனில் பேசுவார்கள். பேசுவார்கள் என்றா சொன்னேன்?

“சாப்டியாம்மா?”

“ம்.”

“பரீட்சை எப்படி எழுதின?”

“ம்.”

அவ்வளவுதான். போனை வைத்த பிறகும் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதுகூட நின்றுபோய்விடுமோ என்று அவனுக்குப் பயம். எனக்கும்தான்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் குட்டி தானாகவே வாயைத் திறந்தாள். “அப்பா, நான் ஒரு கேம் ஆடறேன். விண்வெளி கேம். போன்ல பேச எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது. நீ அங்க வாயேன், ஆடிக்கிட்டே பேசலாம். ஞாயித்துக்கிழமை நாலு மணி.”

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் மகள் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப் போன கணினி, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தூசி பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து, இரண்டு நாள் போராடி, விளையாட்டை ஏற்றிவிட்டான். நான் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்தபடியே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அந்த விளையாட்டில் மூன்று அணிகள். காவற்படை ஒன்று, சரக்குக் கூட்டணி ஒன்று, கொள்ளையர் ஒன்று. புதிதாக வருகிறவர் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும். சேர்ந்தால் சேர்ந்ததுதான், மாற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது ஆளாகத்தான் வர வேண்டும். நம் குட்டி கொள்ளையர் அணியில், அவர்கள் எல்லைக்குள் நுழையும் ஒரு வாசலுக்கே தலைவி. கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நல்லா கேட்டுக்கோப்பா,” என்று போனில் பாடம் நடத்தினாள். “யாரா இருந்தாலும் முதல்ல சரக்குக்காரங்களோட ஒரு பயிற்சி ஓட்டம் போகணும். போய்ச் சேந்ததும் ‘வெளியேறு’ன்னு வரும், அத அமுக்கிட்டு நேரா எங்க வாசலுக்கு வா. ஆனா அரை மணி நேரம்தான் டைம். தாண்டிட்டா அவங்களே உன்ன சேத்துக்குவாங்க. உனக்கு ஒரு கப்பல் எடுத்து வெச்சிருக்கேன். என் ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், எங்கப்பா வர்றாருன்னு.”

எங்கப்பா வர்றாரு. அந்தச் சொல்லை அண்ணன் அந்த வாரம் என்னிடம் ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பான். எனக்குக் காது புளித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு கப்பல்கள், ஆறும் புது ஆட்கள், வரிசையாகப் போக வேண்டும். அண்ணன் முன்னால் போனான். பரவாயில்லை, நன்றாகத்தான் ஓட்டினான். இருபதாவது நிமிடமே துறைமுகத்தில் நின்றுவிட்டான். திரையில் ‘வெளியேறு’ பச்சையாக மின்னியது.

“அமுக்கு!” என்றேன்.

அவன் அமுக்கவில்லை. விரலை நீட்டினான். எண்ணினான். “அஞ்சுதான் இருக்கு.”

“என்ன அஞ்சு?”

“ஆறு கெளம்புச்சு. ஒருத்தன் வரல.”

“ஐயோ, அது கேமு! எவனோ எழுந்து பாத்ரூம் போயிருப்பான். நீ அமுக்கித் தொலை!”

கேட்டால்தானே? கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனான். பாதி தூரத்தில், யாரோ ஒரு புதுசு, எரிகற்களுக்கு நடுவில் வழி தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் வரவைத்து, மெதுமெதுவாக நகர்த்தி, துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். சேர்த்துவிட்டுத் திரும்பினால், திரை முழுக்க வாணவேடிக்கை. ‘சரக்குக் கூட்டணி உங்களை வரவேற்கிறது!’

நான் தலையில் அடித்துக்கொண்டேன். போன் அடித்தது.

“அப்பா, எங்க இருக்க? எல்லாரும் வாசல்ல நிக்கிறோம்.”

“ஒருத்தன் வழி தெரியாம நின்னுட்டான்மா. அவனக் கொண்டுவந்து விட்டுட்டு பாத்தா நேரம்...”

குட்டி நிதானமாகச் சொன்னாள். “ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் கொண்டுபோய் விட்டுட்டு, மிச்சம் நேரம் இருந்தா என்கிட்ட வருவ. அதானே? எப்பவுமே அதானேப்பா?”

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் எத்தனை தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. அந்த ‘ம்’கூட இல்லாமல் போயிற்று.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? கிழி கிழியென்று கிழித்தேன். அடுத்த ஞாயிறு அவன் சரியாக நாலு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து, தன் சரக்குக் கப்பலை எடுத்துக்கொண்டு, நேராகக் கொள்ளையர் வாசலுக்குப் போனான். எதிரி அணிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது என்பது அந்த விளையாட்டின் விதி. அங்கே போகும்வரை அது இவனுக்குத் தெரியாது. போய் நின்றதும் பதினோரு விநாடியில் சுட்டுத் தூள் தூளாக்கிவிட்டார்கள். திரையில் ஒரு வரி வந்தது: ‘பெரியவரே, வழி மாறி வந்துட்டீங்களா?’

“யாரு எழுதினது?” என்று கேட்டேன்.

“சுட்டவன். சுட்டவங்க ஒரே ஒரு வரி எழுதலாமாம், கீழயே போட்டிருக்கு. அதுக்கு நாம பதில் எழுத முடியாது.” சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்போ அவ சுட்டா, அவ எழுதுவா.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெற்ற மகள் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காக அவள் கையால் சுடப்பட வேண்டும் என்று ஒருத்தன் கிளம்பினால், என்ன சொல்வது?

கிளம்பினான். வாரம் முழுக்க, சாயங்காலம் பேருந்தைக் கழுவி நிறுத்திவிட்டு வந்து, ஒரு மணி நேரம் சரக்கு ஏற்றி இறக்கி ஒரு கப்பல் சம்பாதிப்பான். ஞாயிறு நாலு மணிக்கு அதைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்திப் பறிகொடுப்பான். கப்பலுக்குப் பெயர் வைக்கலாம், இருபது எழுத்துக்குள். அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். முதலில் ‘அப்பா’ என்று மட்டும் வைத்தான். இரண்டு வாரம் அவளுடைய ஆட்கள்தான் சுட்டார்கள். மூன்றாவது வாரம் குட்டியே சுட்டாள். ஒரு வரியும் எழுதவில்லை.

“அவதான் சுட்டா!” என்று துள்ளினான். பரிசு விழுந்தவன்கூட அப்படித் துள்ள மாட்டான்.

நாலாவது வாரம் ஒரே ஒரு சொல் வந்தது: ‘போப்பா.’

அவன் அடுத்த கப்பலுக்கு ‘போக மாட்டேன்’ என்று பெயர் வைத்தான். அதையும் அவளே சுட்டாள். இந்தத் தடவை முழு வரி வந்தது: ‘அழிச்சிட்டு புது ஆளா வா. எங்க அணியில சேத்துக்குறேன்.’

அப்பாடா என்றிருந்தது எனக்கு. “அழி, இப்பவே அழி! எழுந்திரு, நான் அமுக்கறேன்!” என்று மெஷினை விட்டு எழுந்தேவிட்டேன்.

“தொடாத!” என்றான். என் அண்ணன் என்னிடம் குரல் உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“பைத்தியமா உனக்கு? பிள்ள இறங்கி வந்திருக்கா!”

“இறங்கித்தான் வந்திருக்கா. நான் அன்னைக்கு அவள விட்டுட்டு இன்னொருத்தனுக்காகப் போனது நெசம். இத அழிச்சிட்டு புது மூஞ்சியோட போய் நின்னா, நான் அதப் பண்ணவே இல்லன்னு ஆயிடும். இங்க அழிக்கலாம்டி. இதுக்கு முன்னாடி பண்ணதெல்லாம் எங்க போய் அழிப்பேன்? அவளுக்கு புது அப்பனா வருவான்? இருக்கிறவன்தானே போகணும்?”

எனக்கு வந்த கோபத்தில் ஒரு ஓரத்தைக் கோணலாக அடித்துவிட்டு, பிரித்து மறுபடி அடித்தேன். ‘அழிக்க மாட்டேன்மா’ என்று அவன் அடுத்த கப்பலுக்குப் பெயர் வைத்தான். அடுத்த ஞாயிறு கப்பல் வாசலை நெருங்கக்கூட இல்லை, அதற்குள் சுட்டுவிட்டாள். கூடவே வரி: ‘அப்ப அந்த நீச்சல் போட்டி?’

அதை நான் மறந்தே போயிருந்தேன். அவன் மறக்கவில்லை. குட்டிக்குப் பதினாலு வயதில் எங்கள் ஊரில் ஒரு நீச்சல் போட்டி, அதற்காக இங்கே வந்திருந்தாள். வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அன்றைக்குக் கடைசி நிறுத்தத்தில் ஒரு சின்னக் குழந்தையை அழைத்துப் போக வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஆள் வராமல் சின்னப் பிள்ளைகளை இறக்கிவிடக் கூடாது, அது பேருந்துச் சட்டம். ஐம்பது நிமிடம் காத்திருந்தான். போய்ச் சேர்ந்தபோது குளத்தின் கதவு பூட்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. இருபது எழுத்துக்குள் என்ன எழுதுவது? “அந்தக் குழந்தைக்கு யாரும் வரலன்னு எழுது, உண்மைதானே,” என்றேன் நான்.

“அது எனக்குத்தான் உண்மை. அவளுக்கு எதுக்கு அது?”

“பின்ன காரணம் தெரிய வேண்டாமா பிள்ளைக்கு?”

“காரணம் எங்கிட்ட எப்பவும் இருந்துச்சு. அதான் கேடே.”

சனிக்கிழமை வரைக்கும் எழுதி எழுதி அழித்தான். ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் அடித்தான்: ‘உன்னையும் காக்க வெச்சேன்’.

நாலு மணிக்கு அந்தக் கப்பல் கொள்ளையர் வாசலில் போய் நின்றது. ஏழெட்டுக் கப்பல்கள் வந்து சூழ்ந்தன. நான் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஒருவரும் சுடவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. குட்டியின் கப்பல் நேர் எதிரே வந்து, நகராமல் நின்றது. இரண்டு, மூன்று நிமிடம்.

போன் அடித்தது. அவன் பாய்ந்து எடுத்தான்.

“அப்பா.” அவள் குரல் எனக்கே கேட்டது. அழுதிருந்தாள். “அன்னைக்கு அந்த வாசல்ல நான் எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாதும்மா,” என்றான் அண்ணன். “சொல்லு.”

சொல்லத் தொடங்கினாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றதை, காவல்காரர் இரண்டு தடவை வந்து விசாரித்ததை, இரண்டாவதாக வந்ததற்குக் கொடுத்த பதக்கத்தை இவன் பார்க்க வேண்டும் என்று பைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்ததை. இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்தது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

திரையில் அவளுடைய ஆள் எவனோ பொறுமை இழந்து சுட்டுவிட்டான். கப்பல் வெடித்துச் சிதறியது. “அண்ணா, உன் கப்பல்...” என்று வாயெடுத்தேன். அவன் பேசாதே என்று கையைக் காட்டிவிட்டு, நாற்காலியைத் திருப்பிக் கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்தான்.