எல்லாக் கோயிலிலும் செவ்வரளி

உலக அரசு வந்தபோது கோம்பையில் நாங்கள் சிரித்தோம். "டெல்லிக்காரகளே நம்மள எட்டிப் பாக்க மாட்டாக, இதுல உலகமே வந்து ஆளப் போகுதாக்கும்!" என்று டீக்கடை வாசலில் வாய் கிழியப் பேசியவள் நான். பிறகு ஒவ்வொரு நாட்டுக் கொடியாக இறங்கியது. கரண்ட் நிற்கவில்லை, ரேஷன் நிற்கவில்லை. அரசு எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. அது போனில் பேசும். அதுவும் எங்கள் பேச்சிலேயே பேசும்.

இந்த வருஷம் திராட்சை வெட்டு முடிந்த கையோடு கூப்பிட்டது.

"பள்ளத்தாக்க முழுசாக் காட்டுக்கு விடப் போறோம், தாயி. வேற இடம் தாரோம். கட்டாயம் இல்ல. உங்கூரு வழக்கப்படி சாமிகிட்டக் கேளுங்க. சாமி சொல்றதுக்கு நாங்களும் கட்டுப்படுறோம்."

போன வருஷம்தான் என் வீட்டுக்காரரைத் தோட்டத்து மூலையில் புதைத்திருந்தேன். அந்த மனுஷனைத் தனியாகப் போட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

கல்யாணமோ போர்வெல்லோ, பூக்கட்டிப் பார்க்காமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் பூசாரி மறைவாக மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார். ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் கிளம்புவது என்று ஊர் கூடிப் பேசிக்கொண்டோம்.

சிவப்பு வந்தது.

மயிலாடும்பாறையிலிருந்து தங்கச்சி போன் போட்டாள். "அக்கா, இங்கனயும் சிவப்புதான்." ஆண்டிபட்டியிலும் அப்படியே. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது, எந்த ஊரிலும் வெள்ளை வரவில்லை. ஊருக்கொரு சாமி, சாமிக்கொரு கோபம் என்று இருந்த சீமையில் இத்தனை சாமியும் எப்போது கூடிப் பேசி ஒரே முடிவுக்கு வந்தன? எனக்கு ஆத்திரமாக வந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் பஸ்கள் நின்றன. டிரைவர் சீட்டில் ஆளில்லை. கதவுகள் மட்டும் திறந்திருந்தன.

பூசாரி என் மாமனாரின் தம்பி. மற்றப் பொட்டலத்தை வாய்க்காலில் விடாமல் இன்னும் கையிலேயே வைத்திருந்தார். வெடுக்கென்று பிடுங்கினேன்.

"பிரிக்காத ஆத்தா!" என்று கத்தினார்.

பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

"ரெண்டுலயும் சிவப்பையா வச்சீக? நீங்களும் வெல போயிட்டீகளா மாமா? நல்லா இருப்பீகளா?"

அவர் பூவையே பார்த்தார்.

"ஏ ஆத்தா... நீ உம் புருசன விட்டுட்டுப் போகக் கூடாதேன்னு, ரெண்டுலயும் நான் வெள்ளையத்தான வச்சேன்."

அம்மன் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பஸ்ஸில் முதல் ஆளாக ஏறியது நான்தான்.