முக்கோண இறக்கை

மெல்பேர்ணின் புறநகரான நோபல் பார்க்கில் ஒரு கிழவரின் கையை நான் முறித்தேன். எண்பத்தாறு வயதுக்காரர். அவரைக் குளிப்பாட்டவும் சவரம் செய்யவும் சாப்பாடு கொடுக்கவும் சம்பளம் வாங்குபவள் நான். அலுவலகம் அனுப்பிய படிவத்தில், நடந்தது விபத்தா தாக்குதலா என்று ஒரு கேள்வி இருந்தது. தாக்குதல் என்று முடிவானால் இந்த நாட்டில் இனி ஒரு முதியவரைக் கூடத் தொட்டுப் பராமரிக்க என்னை விடமாட்டார்கள். வேறு வேலை எனக்குத் தெரியாது. படிவத்தின் அந்தக் கட்டத்துக்குள் எதை எழுதுவது என்றும் தெரியவில்லை.

அவர் இந்த ஊர் வெள்ளைக்காரர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் போர் விமானம் ஒன்றை அவர்களின் அனுமதியோடு மெல்பேர்ணிலேயே செய்தார்கள். அந்த வேலையில் இறக்கைத் தகடுகளைப் பொருத்தி றிவெட் ஆணி அடித்தவர் இவர். கண் மங்கிவிட்டதால், அந்த பிரெஞ்சுக் கம்பனியின் வரலாற்றை எழுதிய தடித்த புத்தகத்தைத் தினமும் என்னைக் கொண்டு வாசிப்பித்தார். என் உச்சரிப்பைத் திருத்துவதில் அவருக்குத் தனிச் சந்தோசம். கழிப்பறைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொண்டே திருத்துவார்.

புத்தகத்தின் முதற்பாதி எனக்குப் பிடித்துப் போனது. கம்பனியைத் தொடங்கியவர் முதல் உலகப் போரில், மரத்தளபாடம் செய்பவர்களிடம் கொடுத்து விமான விசிறி செய்வித்தவர். அடுத்த போரில், யூதர் என்று நாசிகள் பிடித்தார்கள். தங்களுக்கு விமானம் செய்து தரக் கேட்டார்கள். மறுத்தார். வதை முகாமுக்கு அனுப்பினார்கள். அரை உயிரோடு திரும்பி, பெயரையும் மாற்றிக்கொண்டு மறுபடி விமானம் செய்தார். அந்த முகாம் பக்கங்களை வாசிக்கையில் எனக்கு அழுகை வந்தது. கிழவரும் மூக்கை உறிஞ்சினார்.

அதன் பிறகு, வாலில் குறுக்குச் சிறகு இல்லாத, முக்கோண இறக்கை விமானம் வந்தது; கிழவர் றிவெட் அடித்தது அதற்குத்தான். அதை வாங்கிய நாடொன்றுக்கு மேலும் விற்க பிரான்ஸ் மறுத்தது. அந்த நாடு அதே வடிவத்தில், வேறு இயந்திரம் பூட்டித் தானே செய்துகொண்டது. பிறகு அதைச் சிறிய நாடுகளுக்கும் விற்றது. பக்கத்தைத் திருப்பினேன். படம் இருந்தது.

கிபிர்.

போர்க்காலத்தில் எங்கள் வன்னியில், குண்டு போட வரும் அந்த விமானத்தின் பெயர் தெரியாத குழந்தை இல்லை. சத்தம் கேட்டால் குப்புறப் படு, காதைப் பொத்து, வாயைத் திறந்து வைத்திரு. வாயை மூடினால் வெடிப்பின் அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கும் என்பார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடப் பாடத்தைவிட அதுதான் நன்றாகப் பாடம். ஒரு நாள் காலை தங்கச்சிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பின்னியாகிவிட்டது. சத்தம் கேட்டதும் நான் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தேன். அவள் என் பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "படடி" என்று உள்ளேயிருந்து கத்தினேன். என் கையில் சீப்பு இருந்தது. வெளியே வந்தபோது வேலி இல்லை, மாட்டுக்கொட்டில் இல்லை. அந்தப் பின்னலை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டோம். மற்றதை உரப்பையில் கூட்டி அள்ளினார்கள்.

புத்தகத்தில் அந்தப் படத்தைக் கண்ட அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "இஞ்சரப்பா, இனி நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டன்."

"அந்த மனுசன் தகடு பூட்டினவர். குண்டு போட்டவரே? பேசாமல் போயிட்டு வாரும்" என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய வீட்டில் எல்லோரும் தப்பியவர்கள்.

போனேன். ஆனால் நான் பழைய ஆள் இல்லை. சவரம் செய்யும்போது கத்தி அவர் தொண்டைக் குழியில் தேவைக்கு மேல் ஒரு கணம் நின்றது. அழுத்தினால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கப் போவதில்லை. "கீழே யார் இருப்பார்கள் என்று யோசித்ததே இல்லையா?" என்று கேட்டேன். "நாங்கள் செய்தது இறக்கை மட்டும்தான். என்ன அழகான இறக்கை தெரியுமா!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அவர் முதுகைத் தேய்த்த தேய்ப்பில் தோல் சிவந்து கன்றிவிட்டது. அவர் ஒரு முனகல் முனகினார், அவ்வளவுதான். மாலையில் அவருடைய மகள் அந்தச் சிவப்பைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த வாரம் நகரத்தில் கார்ப் பந்தயம். கிழவர் பின்முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். சக்கரக் கதிரையில் அவரை வெயிலில் விட்டுவிட்டு, உதிர்ந்த எலுமிச்சைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பந்தயத்துக்கு மேலே பறந்து காட்டும் போர் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலாலும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் வெளியே வந்திருந்தார்.

வானம் கிழிந்தது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் என் உடம்பு செய்தது. பாய்ந்து போய் அவரைச் சட்டையோடு பிடித்துக் கொங்கிரீட்டில் இழுத்து விழுத்தினேன். அவருடைய கை அவருக்கே அடியில் மாட்டி முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. விடவில்லை. மேலே ஏறிப் படுத்து, மூடிய வாயை விரல்விட்டு நெம்பித் திறந்தேன். பொய்ப்பல் கழன்று இரத்தத்தோடு விழுந்தது. ஒரு காதைக் கையாலும் மற்றதை என் நெஞ்சாலும் பொத்தினேன். "படு, படு" என்று தமிழில் கத்தினேனாம். குசினியிலிருந்து ஓடிவந்த மகள் கண்டது, தன் அப்பாவின் மேல் ஏறிக் கிடந்து வாய்க்குள் கை விட்டிருக்கும் ஒருத்தியை. அவள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். என் தலை சுவரில் மோதியது. அவள் செய்ததும் சரிதான்.

அலுவலகத்தில் என் வேலையை நிறுத்தி ஒன்பது நாள் வீட்டில் இருத்தினார்கள். பிறகு விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி ஒரு பெண், சாந்தமானவள். முதுகுப் படத்தைக் காட்டினாள்.

"அவர் மேல் உங்களுக்குக் கோபம் இருந்ததா?"

"இருந்தது."

"காயப்படுத்த விரும்பினீர்களா?"

"முதுகு தேய்த்த அன்று விரும்பினேன்."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் கிழவர் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்தாள். 'அவள் என்னை அடிக்கவில்லை. விமானத்துக்கும் எனக்கும் நடுவில் படுத்தாள். இந்தப் பெண் இதற்கு அடியில் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இறக்கையின் கீழ்ப்பக்கத்தை நான் இத்தனை வருடம் பார்த்ததில்லை.'

முதுகுக்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தாள். கை முறிந்தது விபத்து என்று முடித்தாள். என் வேலை தப்பியது. "நல்ல செய்திதானே, ஏன் அழுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

நான் வெறுத்த ஒரு மனிதருக்கும் எனக்கும் நடுவில் அன்று ஒரு முற்றமே இருந்தது. எலுமிச்சைகளை எறிந்துவிட்டு அதைத் தாண்டி அவர் மேல் விழுந்தேன். தங்கச்சி நின்றது பங்கர் வாசலிலிருந்து பத்தடியில். அதை அந்த அதிகாரியிடம் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.