பீர்க்கன்கரணை ஏரியும் ஒரு கலர் ரோலும்

1. ஓடாத ரோல்

அன்று காலை ஏரிக்கரையில் இருந்தவர்கள்: ஸ்டூடியோ முதலாளி பாஸ்கர் சார். காலண்டருக்குப் படம் கேட்ட ஹார்டுவேர் கடை கன்னியப்பன். எருமை மேய்க்கும் எல்லம்மா. அவளுடைய எருமைகள் நான்கு. கேமராவோடு நான், ரோசி.

எண்பதுகளின் பிற்பகுதி. மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை ஒட்டிய ஸ்டூடியோவில் எனக்கு டார்க் ரூம் வேலை. ஏழாவது வரைதான் படிப்பு. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கழுவுவேன், பிரிண்ட் போடுவேன்; கலர் ரோல் மட்டும் வெளி லேபுக்குப் போகும். வெளியே போய்ப் படம் எடுப்பது சார் மட்டும்தான். எனக்கு ஆசை அதில்தான். ஆட்களை எடுக்க அல்ல. மலை, தண்ணீர், வானம். யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண சீசனில் சாருக்கு மூச்சு விட நேரமில்லாததால் இந்த ஒரு வேலையை என்னிடம் விட்டார். முதல் நாள் மட்டும் கூட வந்தார்.

கன்னியப்பன் பீர்க்கன்கரணைக்காரர். வயலை மனை போட்டு விற்று, சிமென்ட், கம்பிக் கடை வைத்தவர். வருஷாவருஷம் காலண்டரில் சாமி படம் போடுவார். அந்த முறை ஏரி வேண்டும் என்றார்.

"எங்கெங்கிருந்தோ வந்து வூடு கட்றானுங்க. பின்னாடி ஏரி கீதுன்னே தெரில. காலண்டர்ல பாக்கட்டும். தண்ணி தெரியணும், சூரியன் வரணும், பனைமரம் ரெண்டும் வுழணும். எருமை மட்டும் வேணாம்மா. மத்த கடைக்காரனுங்க கிண்டல் பண்ணுவானுங்க."

எல்லம்மாவுக்குக் காது கூர்மை. "ஏண்ணா, எங்க லச்சுமிக்கு இன்னா கொறச்சல்? உன் மூஞ்சிக்கு அது எவ்ளோ தேவல."

சார் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். அதற்குள் சூரியன் வந்துவிட்டது.

அப்படி ஒரு காலை. பள்ளத்தில் கிடந்த தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். கொக்குகள் ஒரே வீச்சில் கிளம்பின. பனைமரத்தின் நிழல் தண்ணீரில் உடைந்து உடைந்து சேர்ந்தது. அமுக்கினேன், ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளினேன், அமுக்கினேன். கரையில் ஓடினேன், முட்டி போட்டேன், சேற்றில் இறங்கினேன். கேமராவின் கவுண்டர் முப்பத்தாறைக் காட்டியது. லீவர் இன்னும் வந்தது. முப்பத்தேழு.

"பாத்தியா என் லோடிங்க?" என்றார் சார். "மத்தவன் முப்பத்தாறு எடுக்கற ரோல்ல நம்ம முப்பத்தெட்டு எடுப்போம்."

அது எங்கள் ஸ்டூடியோ வழக்கம். ரோலின் நாக்கை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிலிம் நுனியை, ஸ்பூலில் ஒரே ஒரு பல்லில் மாட்ட வேண்டும். கூடுதலாகச் சுற்றக் கூடாது. அப்படிச் செய்தால் இரண்டு ஃபிரேம் மிச்சம். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு நிற்கும் இரண்டு சொந்தக்காரர்களை அதில் எடுத்துவிடலாம் என்பார் சார். நானும் அப்படித்தான் மாட்டியிருந்தேன்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழைச் சுற்றிப் பார்த்தேன். பிடிப்பே இல்லாமல் காற்றாடி மாதிரிச் சுற்றியது. நாக்கு பல்லிலிருந்து கழன்றிருந்தது. நாற்பது தடவை அமுக்கியும் ஃபிலிம் ஒரு அங்குலம் நகரவில்லை. ஒரு படம்கூட இல்லை.

"யாரு ரோல் மாட்னது?" என்றார் கன்னியப்பன்.

"நான்தான்" என்றேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று சொல்லவில்லை.

சார் வானத்தைக் காட்டினார். "ரோசி, சூரியன உள்ள போய்ட்டு மறுபடி வரச் சொல்லு."

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று சொன்னார். "தீபாவளிக்குள்ள படம் குடுக்கணும். இல்லன்னா அவர் மெட்ராஸ்லேர்ந்து ஆள் கொண்டாந்துடுவார். அப்புறம் இந்தக் கேமராவ நீ கேக்கக் கூடாது. டார்க் ரூமோட இருந்துடு."

சரி என்றேன்.

2. ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிறுதோறும் பெருங்களத்தூர் போகும் முதல் பஸ். இறங்கி ஏரிக்கு நடை. ஒன்பதரைக்குள் திரும்பி ஸ்டூடியோவைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் முறை மேகம். சூரியன் வந்ததா என்றே தெரியாமல் விடிந்தது. மூன்றாம் முறை லென்ஸில் பனி படிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தேன். இன்னும் மோசம். நான்காம் முறை எல்லாம் சரி, தண்ணீரைத்தான் காணோம். ஏரிக்கு நடுவே ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். ஐந்தாம் முறை பஸ் வரவில்லை. ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது சூரியன் பனைமரத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு முறையும் எல்லம்மா கேட்பாள். "இன்னாக்கா, இன்னிக்கும் பேஜாரா?"

"ஆமா."

"எங்க லச்சுமிய எடுத்துக்கோயேன். ஆடாம நிப்பா. சூரியன் மாதிரி ஏமாத்த மாட்டா."

ஆறாம் முறை ஒரு பனைமரம் இல்லை. வெறும் அடிமரம். விசாரித்தால், கன்னியப்பனின் பங்காளி மனைக்கு வழி விட வெட்டியிருக்கிறார். அன்று அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஏழாம் முறை எல்லாம் கூடி வந்தது. நடுவில் பெய்த மழையில் தண்ணீர் இருந்தது. சூரியன் வந்தது. மிச்சமிருந்த பனைமரம் சரியான இடத்தில் நின்றது. நாக்கைத் தாராளமாக மாட்டியிருந்தேன். லீவரைத் தள்ளும்போது குமிழும் கூடச் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். படங்கள் வந்தன.

சார் அவற்றை மேஜையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். "தப்பு ஒண்ணும் இல்ல. ஏரிய பாஸ்போர்ட் சைசுக்கு உக்கார வச்சு எடுத்த மாதிரி இருக்கு."

கன்னியப்பனிடம் காட்டவே இல்லை.

சார் சொன்னது சரி. எடுக்கும்போதே எனக்குத் தெரியும். முதல் நாள் தொலைந்த படங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செம்பு நிறம், அந்தக் கொக்குகள். எதிரில் இருந்த ஏரியைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மூன்று ஞாயிறு போகவில்லை. கேமராவை டார்க் ரூம் ஆணியில் மாட்டிவிட்டேன். ஆசை விட்டுப்போயிற்று. வருத்தம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

3. எல்லம்மாவின் போட்டோ

ஒரு மதியம் எல்லம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். பால் சொசைட்டியில் ஏதோ கார்டுக்குப் போட்டோ கேட்டார்களாம். சார் வெளியே போயிருந்தார். ஸ்டூலில் உட்கார வைத்து விளக்கைத் திருப்பினேன்.

"சிரிக்காத. நேரா பாரு."

"நீ ஏங்கா வரதில்ல? லச்சுமி தெனம் ரோட்டையே பாத்துகினு கீது."

"போகத் தோணல. மனசு வரல எல்லம்மா."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மனசா? நான் மட்டும் டெய்லி ஆசப்பட்டுகினா எருமை பின்னால போறேன்? அதுக்குப் பசிக்குது, போறேன். போனப்புறம் ஒருநாள் நல்லாருக்கும், ஒருநாள் சாணி மிதிப்பேன். உனக்கு கெளம்பறதுக்கு முன்னாடி வூட்லயே நல்லாருக்கணுமா?"

திருப்பிய விளக்கையே மறுபடி திருப்பினேன்.

"அப்புறம், ஏரி ரொம்பிடுச்சு. கலங்கல் மேல வழிஞ்சு தண்ணி வெளிய போவுது. போட்டோ எடுத்துட்டியா, இல்ல நான் இப்டியே கல்லாட்டம் குந்தினுகீறதா?"

சிரித்துவிட்டாள். சிரித்த முகத்தைத்தான் எடுத்தேன். சொசைட்டியில் அதை வாங்கிக்கொண்டார்கள்.

4. முடிக்க வேண்டிய ரோல்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. பஸ்ஸில் போகும்போது மனசு வரவில்லை. கரையில் நின்றபோதும் வரவில்லை. ஆனால் நின்றேன்.

ஏரி கரை முட்ட நிறைந்திருந்தது. சூரியன் மட்டும் இல்லை. வானம் சாம்பல், தண்ணீரும் சாம்பல். கிழக்கே பார்த்து இருபது எடுத்தேன். எதுவும் தேறாது என்று தெரிந்தே எடுத்தேன். பாதி ரோலை லேபுக்கு அனுப்ப சார் விடமாட்டார். அதனால் மீதியையும் எடுத்தேன். முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. முப்பத்தாறு.

பழக்கத்தில் லீவரைத் தள்ளினேன். வந்தது.

உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடியுமா? சட்டென்று குமிழைப் பார்த்தேன். மெதுவாக, ஃபிலிமை இழுத்த கனத்தோடு, அது சுற்றி நின்றது. ஓடியிருக்கிறது. நிஜமாகவே இன்னும் ஒரு ஃபிரேம் இருக்கிறது! எதற்கும் கடன்படாத ஒரு ஃபிரேம். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"அக்கா! மழ வருது, ஓடியா!"

எல்லம்மாவின் குரல் இடது பக்கத்திலிருந்து. திரும்பினேன்.

தாம்பரம் பக்கமிருந்து மழை ஏரியின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தது. பாதி ஏரி கொதித்தது. பாதி ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல ஒரு விளிம்பு. அந்த நிமிஷம் கிழக்கே மேகத்தின் அடியில் ஒரு சந்து திறந்தது. வெளிச்சம் தாழ்வாக வந்து மழையின் முகத்தில் அடித்தது. மழை முழுக்க வெள்ளி. சரியாக அந்த விளிம்பில், கழுத்தளவு தண்ணீரில், நான்கு எருமைத் தலைகள் கரையைப் பார்த்து நீந்தின. லச்சுமி முன்னால்.

லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாயை, அப்பர்ச்சரை, முழுக்கத் திறந்தேன். மூச்சைப் பிடித்தேன். ஒரே ஒரு கிளிக். லீவர் இறுகி நின்றுவிட்டது.

மழை வந்து அடித்தது. கேமராவைப் பால் கவரில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். பம்பு ரூம் வாசலில் எல்லம்மாவும் நானும் ஒண்டினோம். தெப்பமாக நனைந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

"இன்னாக்கா, கிறுக்கு புட்ச்சிகிச்சா?"

"உன் லச்சுமிய எடுத்துட்டேன்."

"அப்பாடா, இப்பவாவது!"

இப்போது கேமரா பிடிப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். மனசு வந்தால் போகலாம் என்று உட்காராதீர்கள். போங்கள், மனசு பின்னால் வரும். தொலைந்த படத்தைத் தேடாதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை மற்ற பக்கங்களையும் பாருங்கள்.

5. லேப் கவர்

பிரிண்டுகள் லேபிலிருந்து வந்தபோது கன்னியப்பனும் கடையில் இருந்தார். சார் முப்பத்தாறையும் பரப்பினார். எல்லாம் சாம்பல். நான் தேடியது இல்லை.

"எருமை ஒண்ணுகூட இல்ல," என்றார் கன்னியப்பன். "அதுவரிக்கும் நல்லது. ஏரியும் இல்லியே சார். மெட்ராஸ் ஆளுக்குச் சொல்லிடவா?"

சார் என்னைப் பார்த்தார். நான் நெகட்டிவ் கவரைப் பிரித்தேன். பட்டைகளை ஒவ்வொன்றாக டியூப்லைட்டில் பிடித்தேன். கடைசிப் பட்டையின் நுனியில், லேபில் தொங்கவிட்ட கிளிப் கடித்த தடத்துக்கு முன்னால், இன்னும் ஒரு ஃபிரேம். லேபில் பிரிண்ட் போடாமல் விட்டிருந்தார்கள். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாக இருக்கும். பாதி கறுப்பு, பாதி வெளிர். நடுவில் நான்கு வெள்ளைப் புள்ளிகள்.

"ஒரு பத்து நிமிஷம்" என்று சொல்லி டார்க் ரூமுக்குள் ஓடினேன்.

கலர் நெகட்டிவ் கறுப்பு வெள்ளைப் பேப்பரில் மங்கலாகத்தான் வரும். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். பேப்பரை டிரேயில் போட்டு ஆட்டினேன். கதவுக்கு வெளியே இரண்டு பேரும் நிற்பது தெரிந்தது. வெளிச்சம் புகாமல் திரையைப் பிடித்து உள்ளே விட்டேன்.

சிவப்பு வெளிச்சத்தில் மூன்று பேரும் டிரேயைப் பார்த்தோம். முதலில் எருமைக் கொம்புகள் வந்தன. பிறகு அந்த விளிம்பு. பிறகு மழை.

கன்னியப்பன் டிரேக்கு மேலே குனிந்துகொண்டே போனார்.

"இது நம்ம ஏரிதானா?"

"ஆமாண்ணா. எருமை இருக்கு."

"அது கெடக்கு வுடும்மா. அது இல்லாம எங்க ஏரி ஏது?" மூக்கு தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்தார். "சார், இதான். இதையே போட்டுடுங்க."

சார் என் தோளைத் தட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "கேமரா உங்கிட்டயே இருக்கட்டும், ரோசி" என்றார். பிறகு வெளியே வந்து லேப் கவரையும் பேனாவையும் எடுத்தார்.

"கலர்ல பெருசா போடச் சொல்லணும். நெகட்டிவ் நம்பர் என்ன?"

பட்டையை விளக்கில் பிடித்து ஓரத்தில் இருந்த எண்ணைப் படித்தேன்.

முப்பத்தேழு.