வெளிநோயாளர் கூடத்துத் திரை

மருத்துவமனையில் அவளை எல்லோரும் கரண்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தோரு வருடமாக மின்விசிறி, சுவிட்ச், ஜெனரேட்டர் என்று ஏணியும் கையுமாக அலைபவள். கணினிக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, எந்த டாக்டர் எந்த அறை என்று காட்டும் திரையில் தமிழெழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிக் கிடந்தது. முந்தின நாள் கம்பெனி ஆள் மெமரி கார்டை மாற்றிவிட்டுப் போயிருந்தான். இப்போது போனை எடுக்கவில்லை. கண் பார்க்க வந்தவர்கள் பல் டாக்டர் வாசலில் வரிசை கட்டினார்கள்.

"கத்திக் கத்தித் தொண்டை போச்சுக்கா. நீங்களாவது பாருங்களேன்" என்றாள் தலைமை நர்ஸ்.

"ஃபேன் சுத்தலைன்னா சொல்லு, பார்க்கிறேன். இதெல்லாம் எனக்கு எங்கம்மா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஏணியைச் சாய்த்தாள்.

திரைக்குப் பின்னால் பெரிய பெட்டி இருக்கும் என்று நினைத்தாள். இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பச்சைப் பலகை. கணினியே அதுதான். அதன் ஓரத்தில் நகத்தளவு கார்டு. கூடமே இதை நம்பித்தான் நடக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

கீபோர்டை மாட்டி, போனில் தேடித் தேடிப் படித்தாள். புதுக் கார்டில் மொழி அமைப்பு வெறும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழுக்கு மாற்றினாள். அதோடு விட்டிருக்கலாம். காலையில் திரைக்கு முன்பே பலகை விழித்துக்கொண்டால் திரை கறுப்பாகவே கிடக்கும் பழைய தொல்லையையும் தீர்க்க, கணினி எழும்போது படிக்கும் கோப்பின் தொடக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டதும் திரையில் நாலு வரி ஓடி அப்படியே நின்றுவிட்டது.

கார்டைக் கழற்றி மருந்தகத்துக் கணினியில் செருகினாள். அந்தக் கோப்பில் எல்லாமே ஒரே வரியில் இருக்க வேண்டுமாம். புதுச் சொல்லை எழுதிய கையோடு பழக்கத்தில் என்டரைத் தட்டியிருந்தாள். மிச்சமெல்லாம் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது.

"என்னக்கா, வைரஸா?" என்றார் மருந்தாளுநர்.

"இல்லப்பா, ஒரு என்டர். அவ்வளவுதான்."

இரண்டு வரியையும் ஒன்றாக்கிவிட்டுக் கார்டைத் திரும்பப் போட்டாள். "கண் – அறை 3" என்று வந்தது. கூடத்தில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. சரிபார்க்க, தேதி கேட்கும் கட்டளையைத் தட்டினாள். "வியாழன்" என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை அவள் அடிக்கவில்லை. அங்கே யாருமே அடிக்கவில்லை. ஏணியின் மேல் நின்றபடியே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சாயங்காலம் தையல்காரக் கணவரிடம் இதைச் சொன்னாள்.

"அதுவாவா சொல்லுச்சு?"

"அதுவா எப்படிச் சொல்லும். யாரோ உக்காந்து ஏழு கிழமையையும் எழுதி உள்ள வெச்சிருக்காங்க."

"யாரு?"

"தெரியலையே. பேர்கூடப் போடலை."

அவர் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பத்து நாள் கழித்துக் கம்பெனி ஆள் வந்தபோது அவனுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.