அண்ணைக்கு நான் கரைத்துக் கொடுத்த தூள்

எங்கள் அண்ணை புத்தூரில் பிறந்தவர். ஐயா நேரத்தோடு காலமாகிவிட, படிப்பை விட்டு வெங்காயத் தோட்டத்தில் இறங்கி எங்கள் மூவரையும் ஆளாக்கினார். யுத்தகால இடப்பெயர்வின்போது காய்ச்சலோடு கிடந்த என்னைச் சைக்கிளில் இருத்திச் சாவகச்சேரி வரை தள்ளிக்கொண்டு போனவர் அவர்.

குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் ஒடியற்கூழும்தான் அவருக்குச் சாப்பாடு. “எனக்கேன் மருந்தும் குளிசையும்? தோட்டத்திலை எல்லாம் கிடக்கு” என்பார். நீரிழிவு சத்தமில்லாமல் அவரது சிறுநீரகங்களைப் பழுதாக்கியிருந்தது. கீரையையும் இளநீரையும்கூடக் குறைக்கச் சொன்ன வைத்தியர், இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரலாம் என்றார். அப்போதுதான் கைத்தொலைபேசியில் அந்த விளம்பரத்தைக் கண்டேன். சிறுநீரகத்தைப் புதுப்பிக்கும் இயற்கை மூலிகைத் தூளாம். வாங்கிக்கொண்டு கொக்குவிலிலிருந்து அண்ணை வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

“உந்தத் தூளை டொக்டரிட்டைக் காட்டினனியே?” என்று அண்ணை கேட்டார்.

“ஓம், காட்டினனான்” என்றேன். காட்டவில்லை.

நான் சொன்னதை நம்பி இரண்டு நேரமும் குடித்தார். மூன்றாம் வாரம் கால்கள் வீங்கி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்தியர், “வேறை ஏதும் குடிச்சவரோ?” என்று கேட்டார்.

“நீங்கள் ஓமெண்டு சொன்ன தூள்தான், டொக்டர்” என்றா அண்ணையின் மனைவியான மச்சாள்.

“எந்தத் தூள்?”

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தா.

தூள் இருந்த பேணியில் எழுதியிருந்ததை வாசித்த வைத்தியர், இது அவருக்கு ஆகாதது என்றார். இதனால்தான் இப்படியானது என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருடமும் உயிரோடு இருக்கிறேன்.

அண்ணையிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை. என் கையைப் பிடித்து, “எனக்குச் சாகப் பயமாயிருக்கு, பிள்ளை. வேறை தூள் ஏதும் இருந்தாலும் கொண்டா” என்றார். என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

இரவு பகலாகப் பார்த்த தாதியருக்கும், வீட்டில் உலை வைக்காத நாட்களில் சோறு கொண்டுவந்த அச்சுவேலி உறவுகளுக்கும், பாடை சுமந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. அண்ணையின் இந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான் எழுதப்போகிறேன் என்றறிந்து, தன் மகளிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினா: “தூளைப் பற்றி எழுதச் சொல்லு. இல்லாட்டி மலரே வேண்டாம்.”

எழுதிவிட்டேன், மச்சாள்.