கேஸ் மாத்திரை

கண்ணாடியைக் கீறும்போது, படங்களுக்குச் சட்டம் போடும் ஃபிரேம் அக்கா பேசமாட்டார். மேசையில் விரித்த பழைய கம்பளியின்மேல் கண்ணாடியைக் கிடத்தி, மர அளவுகோலை ஓரமாக அழுத்திப் பிடித்து, கட்டரை ஒரே இழுப்பாக இழுப்பார். சர்ரென்று ஒரு சத்தம். கோட்டின் இருபுறமும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். "ஒரு கோட்டுல ஒரு தடவதான் கீறணும். சரியா விழலியேன்னு மறுபடி அது மேலயே போனீங்க, அது தன்னிஷ்டத்துக்கு ஓடிடும்" என்பார், படத்தோடு காத்து நிற்பவரிடம். அதன் பிறகு, பாதியில் நிறுத்திய பேச்சை நிறுத்திய சொல்லிலிருந்தே தொடர்வார்.

எதையும் வீணாக்க அவருக்கு மனம் வராது. வெட்டி விழும் சட்டத் துண்டுகளைச் சேர்த்துத் தீப்பெட்டி அளவில் குட்டி ஃபிரேம்கள் செய்து வைத்திருக்கிறார். அந்த அளவில் யாரிடமும் படம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். தேய்ந்த சோப்பு புதுச் சோப்பின் முதுகில் ஏறிக்கொள்ளும். மகளுக்கு இருமல் நின்றால், பாட்டிலில் மிச்சமிருப்பது அக்காவின் இருமலுக்காக அலமாரியில் காத்திருக்கும்.

"இன்னாருக்குன்னு மருந்துக்கு மேல பேரா எழுதியிருக்கு?"

"தேதி எழுதியிருக்கும்மா. அதையாவது பாரு" என்பாள் மகள். ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவள். அளந்துதான் பேசுவாள்.

"நீயே பாருடி. பொடி எழுத்துக்குப் பழகின கண்ணு உன்னுது."

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அக்காவின் கணவர், ஓய்வு பெற்ற பின் கடையிலேயே பாதி நாளைக் கழித்தார். பழைய செய்தித்தாளைக் கசக்கி, வெட்டிய கண்ணாடிகளைப் பளிச்சென்று துடைத்து வைப்பது அவர் வேலை. காலையில் கடைக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வார். ஒரு நாளும் தவறியதில்லை. என்ன மாத்திரை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "கேஸ்."

அக்கா அதைச் சும்மா விட்டதில்லை. "ஊருல உள்ள டயருக்கெல்லாம் காத்தடிச்சுட்டு மிச்சத்தத் தானே முழுங்கிட்டாரு. வயித்துக்குள்ள கம்ப்ரசரு ஓடுது" என்பார். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, நம்ம மிஷினுக்கும் கொஞ்சம் காத்து புடிச்சு விடுங்க" என்பார். கணவரும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். வருஷக்கணக்காக ஓடிய வேடிக்கை அது.

ஒரு நாள் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அக்கா கடையைத் திறந்தார், ஆனால் பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடி கீறி முடித்த பிறகும் தொடரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று. வாடிக்கையாளர் கொடுத்த படத்தைத் தலைகீழாக மாட்டிக் கொடுத்ததைக் கேள்விப்பட்ட அன்று, மகள் விடுப்புப் போட்டு அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். பலன் தெரிய சில வாரம் ஆகும், அதுவரை விடாமல் போட வேண்டும் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றார் அக்கா. அன்றைக்கு அது உண்மைதான்.

புது மாத்திரை வயிற்றைப் புரட்டியது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தது அக்காவுக்கு நினைவில்லை. அல்லது, வயிற்றுக் கோளாறுக்கெல்லாம் டாக்டரிடம் போவதா என்று நினைத்திருக்கலாம். வீட்டில்தான் மருந்து இருக்கிறதே. கணவரின் அலமாரித் தட்டில், பாதி தீர்ந்த அட்டையும் பிரிக்காத அட்டைகளும் இருந்தன. கேஸ் மாத்திரை. மனிதர் போய்விட்டார், மாத்திரை வீணாகலாமா? காலையில் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார், அது புரட்டியதும் அவருடையதை. புரட்டல் கூடியது. அவருடையதில் இன்னொன்று போட்டார்.

கணவரின் படத்துக்குக் கண்ணாடி வெட்ட உட்கார்ந்த அன்று கை நடுங்கியது. வியர்வை முதுகில் வழிந்தது. நெஞ்சு பேருந்து இன்ஜின் மாதிரி அடித்துக்கொண்டது. கட்டர் பாதியில் துள்ளியது. வாழ்நாளில் செய்யாததை அக்கா அன்று செய்தார்: அதே கோட்டின்மேல் மறுபடி கீறினார். கண்ணாடி குறுக்கே ஓடி உள்ளங்கையைக் கிழித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஓடிவந்து துணியைச் சுற்றி, மகளுக்குப் போன் செய்தார்.

"கை மட்டும் இல்லம்மா, ஒடம்பே ஒதறுது. என்னென்னமோ பேசறாங்க."

மகள் மருத்துவரைப் போனில் பிடித்தாள். "உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் கையோட எடுத்துட்டு வாங்க" என்றார் அவர். மகள் அலமாரித் தட்டை அப்படியே ஒரு பையில் கவிழ்த்தாள்.

அடுத்த நாள், நடுக்கம் அடங்கி, கையில் தையலோடு அக்கா படுத்திருந்தார். மருத்துவர் இரண்டு அட்டைகளை எடுத்துக் காட்டினார்.

"இந்த ரெண்டையும் சேத்துப் போடக்கூடாதும்மா. ரெண்டுமே மனச்சோர்வுக்கான மாத்திரை. தனித்தனியா நல்ல மருந்துதான். சேந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

"இல்ல டாக்டர். அது கேஸ் மாத்திரை."

"யார் சொன்னா?"

"எங்க வீட்டுக்காரரு."

மகள் அட்டையை வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். அக்கா அட்டையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன வருஷமா, பாப்பா?"

"அப்பா பணிமனையில இருந்த காலத்துலேர்ந்து இருக்கும்மா."

அக்கா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "நான் கம்ப்ரசருன்னு சொல்லுவேன். அவரும் கூடச் சேந்து சிரிப்பாரு."

வீடு திரும்பும்போது மருத்துவர் திட்டமாகச் சொல்லி அனுப்பினார். கணவருடையதைத் தொடவே கூடாது. சொந்த மாத்திரையை மருத்துவர் சொல்லும் நாளில்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்த பிறகு, நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தவும் கூடாது. குறைப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாக, கேட்டுத்தான்.

"வயித்தப் பொரட்டுச்சுன்னா?"

"சாப்பிட்டுட்டுப் போடுங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல தணியும். தணியலேன்னா எங்கிட்ட வாங்கம்மா. அலமாரிகிட்டப் போகாதீங்க."

மிச்ச அட்டைகளை மருந்துக்கடையில் ஒப்படைக்க மகள் எடுத்துப்போனாள். எதையும் வீணாக்காத அக்கா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. வாசல்வரை கூடவே வந்து, "அந்தப் பாதி அட்டைய மட்டும் காட்டு" என்று வாங்கினார். கணவரின் கட்டைவிரல் கிழித்த வெள்ளித்தாளை நகத்தால் ஒவ்வொன்றாக நீவிவிட்டார். பிறகு கொடுத்துவிட்டார்.

இப்போது தன் மாத்திரையைக் கடையில்தான் போட்டுக்கொள்கிறார், காலையில், கணவர் உட்காரும் முக்காலியின் பக்கத்தில் நின்றுகொண்டு. கோடு நேராக விழுகிறது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது, நிறுத்திய சொல்லிலிருந்து அல்ல, வேறெங்கிருந்தோ. கணவரின் படத்துக்கு மட்டும் இன்னும் கண்ணாடி போடவில்லை.

போன வாரம், அக்கா மாத்திரை அட்டையைக் கையில் எடுத்த நேரம், ஜெராக்ஸ் கடைக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அக்கா, ராத்திரி சாப்பிட்டது சரியில்ல. கேஸ் மாத்திரைதானே அது, அண்ணன் போடுவாரே? எனக்கும் ஒண்ணு குடுங்க."

அக்கா சட்டென்று அட்டையைக் கைக்குள் மூடினார். தையல் தழும்புள்ள கை. கடையில் வேறு இரண்டு பேர் படம் மாட்ட நின்றுகொண்டிருந்தார்கள்.

"இது கேஸுக்கு இல்ல தம்பி" என்றார். "அவரு போட்டதும் கேஸுக்கு இல்ல."

கையைத் திறந்தார். அட்டையை மேசைக் கண்ணாடியின்மேல் வைத்து, பெயர் எழுதிய பக்கத்தை மேலே திருப்பி, எழுத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கம் பார்க்கும்படி ஒரு விரலால் நகர்த்தினார்.